துடைத்தாலும் தெளியாத முன்கண்ணாடி: ஊட்டியில் ஒரு பழைய காரின் ஹீட்டர் காயில் ஒழுகிய நிகழ்வு

2023 ஜனவரி, இரண்டாவது வாரம். ஊட்டியில் புல்தரையெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நாட்கள். பட்டறை திறக்கும் முன்பே வாசலில் ஒரு பழைய செடான் நின்றது. 2002-ஆம் வருட வண்டி, பெட்ரோல் இன்ஜின், 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஓட்டி வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. தினமும் காலையில் ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்குப் போய் வருபவர். வண்டி இருபது வருடம் சென்னையில் அவருடைய அண்ணனிடம் இருந்தது. மலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"முன்கண்ணாடி உள்பக்கமா மூடிக்கிட்டே இருக்குங்க. தொட்டபெட்டா தாண்டும்போது எதிர்ல பஸ் வர்றதே தெரியல. துணியால துடைச்சா இன்னும் மோசமாகுது" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விடையே இருந்தது. நான் அன்றைக்கு அதைக் காதில் வாங்கவில்லை. இடது பக்கக் காலடிக் கம்பளம் ஈரமாக இருந்தது. கண்ணாடி தெளிய வேண்டும் என்று டீச்சர் ஏசியையும் போட்டு ஓட்டியிருந்தார். ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாயைக் கழற்றிப் பார்த்தால், சென்னைத் தூசியும் சருகும் சேர்ந்து பாதி அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, கம்பளத்தைக் காயவைத்து அனுப்பிவிட்டோம். குழாய் அடைப்பு உண்மைதான். ஆனால் நோய் அது இல்லை. ஒரு சின்னக் கோளாறு கண்ணில் பட்டதும் தேடுவதை நிறுத்திவிட்டதுதான் இந்த வேலையில் நான் செய்த முதல் தவறு.

நான்காவது நாள் வண்டி திரும்பி வந்தது. கம்பளம் மறுபடி ஈரம். இந்த முறை கதவைத் திறந்ததுமே லேசான இனிப்பு வாடை வந்தது, வெல்லப்பாகு கொஞ்சம் புளித்தது போல. முன்கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் தொட்டேன், பிசுபிசுத்தது. கம்பளத்தின் அடியில் வெள்ளை டிஷ்யூ பேப்பரை அழுத்தி எடுத்ததில் துருக்கலரோடு மங்கலான பச்சை ஏறியிருந்தது. ஏசியில் சொட்டும் தண்ணீருக்கு நிறமும் இருக்காது, வாடையும் இருக்காது, காய்ந்தால் ஒன்றும் மிஞ்சாது. மழைத் தண்ணீராக இருந்தால் மண் வாடை அடிக்கும். கையில் ஒட்டுகிறது என்றால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிரவைக்கச் சுற்றி வரும் திரவம். துணியால் துடைத்தபோது மோசமானதற்கும் காரணம் அதுதான். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் எண்ணெய் மாதிரி கண்ணாடி முழுக்கப் பரவிவிடும். அந்தப் படலத்தின் மேல் ஈரம் இன்னும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

சமவெளியில் வேலை செய்யும் பல மெக்கானிக்குகளுக்கு ஹீட்டரைத் தொடும் வாய்ப்பே வருவதில்லை. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹீட்டர் காயில் என்பது டேஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜினில் சுடும் கூலன்டில் ஒரு பங்கு, இன்ஜின் அறையையும் நாம் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகரச் சுவரைத் தாண்டி இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக அதற்குள் போய்த் திரும்பும். பிளோயர் என்னும் விசிறியின் காற்று அதன் இடுக்குகளில் புகுந்து சூடாகி உள்ளே வரும். இந்த வண்டியில் நடுவில் ஒரு தண்ணீர் வால்வும் உண்டு. லீவரைக் குளிர்ப் பக்கம் வைத்தால் வால்வு மூடிவிடும், காயிலுக்குள் இருக்கும் கூலன்ட் அப்படியே தேங்கி நிற்கும். சென்னையில் அந்த லீவரை யார் தொடப் போகிறார்கள்? இருபது வருடம் மூடியே கிடந்த அந்த வால்வை டிசம்பர் குளிரில் டீச்சர் முதல்முறையாகத் திறந்திருக்கிறார்.

இவ்வளவும் ஊகம்தான், வலுவான ஊகம். ஆனால் ஹீட்டர் காயிலை எடுக்க டேஷ்போர்டை முழுவதுமாக இறக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. பழைய பிளாஸ்டிக், எது எங்கே உடையும் என்று சொல்ல முடியாது. ஊகத்தை நம்பி ஒரு டேஷ்போர்டில் கைவைக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஏற்கெனவே ஒருமுறை தவறிய பிறகு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

முதலில் ரேடியேட்டர் மூடி. 0.9 பார் அழுத்தம் வரை தாங்கும் என்று எழுதியிருந்தது. சோதித்தால் 0.5-லேயே விட்டுவிட்டது. அடுத்து கூலன்டில் ஒரு சொட்டு எடுத்து, அது எத்தனை டிகிரியில் உறையும் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தோம். உறைநிலை மைனஸ் 7 டிகிரி காட்டியது, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான கூலன்ட், மீதியெல்லாம் தண்ணீர். ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருந்தாலும் ரிசர்வ் டேங்கில் கூலன்ட் குறையும் என்பதால் அதையும் ஒதுக்க வேண்டியிருந்தது. ரேடியேட்டர் வாயில் நீல திரவக் குழாயை வைத்து இன்ஜினை ஓடவிட்டோம். எரிந்த வாயு கூலன்டுக்குள் வந்தால் அந்த நீலம் மஞ்சளாகும். பத்து நிமிடம் பார்த்தோம், நீலமாகவே இருந்தது.

அப்புறம்தான் முக்கியமான சோதனை. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, மூடி இருந்த இடத்தில் பிரஷர் பம்பை மாட்டி 0.9 பார் வரை ஏற்றினோம். அதற்கு மேல் ஏற்றக் கூடாது. மூடி தாங்கும் அளவுதான் மொத்த அமைப்பும் தாங்கும் அளவு. பதினைந்து நிமிடத்தில் முள் 0.7-க்கு இறங்கியது. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ் மூட்டுகள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தோம், வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லை. இப்போது தகரச் சுவருக்குப் பக்கத்தில் ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் கிளாம்ப் போட்டு இறுக்கி, மறுபடி 0.9 ஏற்றினோம். இருபது நிமிடம் முள் அசையவே இல்லை. கிளாம்பை எடுத்ததும் திரும்ப இறங்க ஆரம்பித்தது.

ஒழுகல் தகரச் சுவருக்கு உள்ளேதான் என்று உறுதியாயிற்று. ஆனாலும் காயில்தான் என்று இன்னும் சொல்ல முடியாது. பல வண்டிகளில் காயிலுக்குள் போகும் குழாய் ஒரு ஓ-ரிங்கோடு டேஷ்போர்டுக்குள் வைத்து இணைக்கப்பட்டிருக்கும். அந்த ரப்பர் காய்ந்து வெடித்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். அதற்குச் சில ரூபாய் ஓ-ரிங் போதும். டேஷ்போர்டை இறக்கிப் புதுக் காயிலைப் போட்டுவிட்டு, பழைய ஓ-ரிங்கையே திரும்ப மாட்டி, ஒரே வாரத்தில் வண்டி திரும்பி வந்ததை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். போனில் மாட்டும் குட்டி கேமராவை, பிளோயர் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டரைக் கழற்றிய ஓட்டை வழியாக உள்ளே விட்டோம். குழாய் மூட்டு காய்ந்திருந்தது. காயிலின் அடிப்பக்கத்து மெல்லிய தகடுகளில் வெண்பச்சையாக உப்புப் பூத்து, அதன் கீழே ஈரம் மின்னியது. சரி, இனி இறக்கலாம்.

அன்று மாலை சென்னையிலிருந்து டீச்சரின் அண்ணன் பேசினார். "ஹீட்டர் லைனை பைபாஸ் பண்ணி விட்டுடுங்க தம்பி, இருபது நிமிஷ வேலைதானே?" காயிலுக்குள் கூலன்ட் போகாமல் வெளியிலேயே திருப்பிவிடச் சொன்னார், அதில் தவறில்லை. சென்னையில் ஓடும் வண்டி என்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஊட்டியில் ஹீட்டர் என்பது சொகுசுக்காக இருப்பதில்லை. விடியற்காலைக் குளிரில் கண்ணாடிக்குச் சூடான காற்று போகாவிட்டால், வளைவில் எதிரே வருவது தெரியாது. அதைச் சொன்னதும் அவர் மறுபேச்சு பேசவில்லை. "தங்கச்சி போற ரோடு, நீங்க பார்த்துச் செய்யுங்க" என்றார்.

புதுக் காயில் வரும் வரைக்கும் ஆறு நாள் பைபாஸ்தான் போட்டிருந்தோம். அதில் ஒரு கவனம் வேண்டும். கழற்றிய இரண்டு ஹோஸ்களையும் ஒரு குழாய்த் துண்டால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும், தனித்தனியாக அடைக்கக் கூடாது. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) மூடியிருக்கும்போது கூலன்ட் சுற்றி வருவதே ஹீட்டர் வழியாகத்தான். அதை அடைத்தால் சூடு ஓரிடத்தில் குவியும், தெர்மோஸ்டாட்டுக்கும் தெரியாமல் போகும். அந்த ஆறு நாளும் டீச்சர் பஸ்ஸில்தான் போனார். வண்டியைப் பகலில் ஊருக்குள் மட்டும் எடுத்தார்.

பழைய உதிரிபாகக் கடைகள் உள்ள சென்னைப் புதுப்பேட்டையில் இருந்து ஒரு பழைய காயில் மலிவாகத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். இந்தக் காயில் வாழ்ந்த அதே வாழ்க்கையைத்தானே அதுவும் வாழ்ந்திருக்கும்! கோயம்புத்தூர் கடை ஒன்றில் புதியது 2,600 ரூபாய்க்குக் கிடைத்தது.

காயிலை இறக்கிய வேலையை விரிவாக எழுதப் போவதில்லை. வண்டிக்கு வண்டி மாறும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றினோம். ஏர்பேக் உள்ள வண்டியில் அதற்குப் பிறகும் சில நிமிடம் காத்திருந்துதான் ஸ்டீயரிங் பக்கம் கைவைக்க வேண்டும். இதில் ஏர்பேக் இல்லை. ஸ்டீயரிங் தண்டை இறக்கி, நடு கன்சோலை எடுத்து, டேஷ்போர்டை இருவர் பிடித்து வெளியே கொண்டுவந்தோம். நல்லவேளையாக இந்த வண்டியில் ஏசியின் கூலிங் காயில் தனிப் பெட்டியில் இருந்தது, ஏசி வாயுவை வெளியேற்ற வேண்டியிருக்கவில்லை. ஸ்குரூக்களை எடுத்த வரிசையிலேயே முட்டை அட்டைக் குழிகளில் போட்டு எண் எழுதினோம். ஒவ்வொரு ஒயர் இணைப்பையும் கழற்றும் முன் போட்டோ எடுத்தோம். கூலன்டை வடிக்கும்போது பட்டறையில் சுற்றும் நாய்களை வெளியே கட்டிவைத்தோம். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும். கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகம் போய்விடும். சாக்கடையில் ஊற்றுவது அதைவிட மோசம். மூடியுள்ள கேனில் பிடித்து வைத்தோம்.

டேஷ்போர்டு வெளியே வந்த பிறகு எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டது. எப்போதோ யாரோ மாட்டிய ஸ்டீரியோவின் எர்த் ஒயர், ஹீட்டர் குழாயைப் பிடித்திருக்கும் தகரப் பட்டியில் ஸ்குரூ போட்டு முடுக்கப்பட்டிருந்தது. அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு குழாய் வழியாகவும் கூலன்ட் வழியாகவும் திரும்பியிருக்கும்.

பழைய காயிலை வெளியே எடுத்து, ஒரு வாயை அடைத்து, மற்றொன்றில் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினோம். அடியில் இருந்து இரண்டாவது குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை, அங்கிருந்து சரம் சரமாகக் குமிழி வந்தது. பித்தளைக் காயிலாக இருந்தால் ரேடியேட்டர்காரர் ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தருவார். இது அலுமினியக் குழாய், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க் வைத்து மடித்தது. அதில் ஒட்டுவேலை நிற்காது.

எதனால் ஓட்டை விழுந்தது என்று தெரியாமல் புதியதைப் போட எனக்கு மனம் வரவில்லை. காயிலை நடுவில் அறுத்தோம். அடிக் குழாய்கள் நான்கிலும் காவியும் மஞ்சளும் கலந்த சேறு இறுகிக் கிடந்தது. டீச்சர் அண்ணனிடம் போனில் கேட்டபோது அவர் யோசித்துச் சொன்னார்: ரேடியேட்டர் ஒருமுறை வழியில் ஒழுகி, டிரைவர் மஞ்சள் தூள் போட்டுச் சமாளித்தாராம். பிறகு ரேடியேட்டரை மாற்றியாயிற்று. கூலன்ட் குறைந்தபோதெல்லாம் வீட்டு போர்வெல் தண்ணீரை ஊற்றினார்களாம்.

மஞ்சள் தூள் வைத்தியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நடுவழியில் குடும்பத்தோடு நிற்பவருக்கு அது கைகொடுக்கும். தூளில் உள்ள நார் ஊறி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆனால் ஊர் வந்து சேர்ந்ததும் மொத்தக் கூலன்டையும் மாற்றி அலசிவிட வேண்டும். அலசாமல் விட்டால் தூள் போய்ச் சேரும் இடம் ஹீட்டர் காயில்தான். எல்லாவற்றையும்விட மெல்லிய குழாய்கள் அதில்தான், ஓட்டமும் அங்கேதான் குறைவு. வால்வு மூடியே இருந்தால் கேட்கவே வேண்டாம். கடையில் விற்கும் ஒழுகல் அடைக்கும் மருந்துகளுக்கும் இதேதான் கதை.

சேற்றுக்கு அடியில் அலுமினியம் உள்ளேயிருந்து புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. போர்வெல் தண்ணீரின் குளோரைடு உப்பு அலுமினியத்தைக் குழி குழியாகத் தின்னும். கூலன்டில் இருக்கும் துரு தடுப்பு மருந்து அதைத் தடுக்கும், ஆனால் ஐந்தில் ஒரு பங்கு கூலன்டில் அந்த மருந்து எவ்வளவு இருந்திருக்கும்? என் கணிப்பில் முதல் காரணம் தண்ணீர், அதற்குத் துணை சேறு. ஸ்டீரியோ ஒயர் அரிப்பை வேகப்படுத்தியிருக்கும், தனியாக அது மட்டும் செய்த வேலை என்று நினைக்கவில்லை. அரிப்பு சேறு படிந்த அடிக் குழாய்களில் மட்டும் இருந்ததால் அப்படிச் சொல்கிறேன்.

எர்த் விஷயத்தை அளந்தே பார்த்தோம். பைபாஸ் போடும் முன்பே மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை ரேடியேட்டர் வாயில் உலோகத்தில் படாமல் கூலன்டில் மட்டும் தொடவைத்தோம். விளக்கு, பிளோயர், ஸ்டீரியோ எல்லாம் ஓடும்போது 0.4 வோல்ட் காட்டியது. 0.1-க்குள் இருந்தால் நிம்மதி, 0.3-ஐத் தாண்டினால் அலுமினியத்துக்கு ஆபத்து என்பது பட்டறைக் கணக்கு. ஸ்டீரியோ எர்த்தை பாடியில் நல்ல இடத்துக்கு மாற்றி, இன்ஜின் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து முடுக்கியதும் 0.2-க்கு வந்தது. எல்லா வேலையும் முடிந்து புதுக் கூலன்ட் ஊற்றிய பிறகு 0.06.

தெர்மோஸ்டாட்டைச் சோதித்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும், மலை வாசிகளுக்குப் பயன்படும். 82 டிகிரியில் திறக்க ஆரம்பித்து 95-இல் முழுதாகத் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் அது. பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சி உள்ளே போட்டோம். 82-இல் திறந்தது, முழுதாகத் திறக்கவில்லை. பட்டறைப் பையன் "போயிடுச்சுண்ணே, புதுசு போடலாம்" என்றான். போகவில்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், 95-ஐத் தொடவே தொடாது. இதே கணக்குதான் ரேடியேட்டர் மூடிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்தால்தான் கூலன்ட் கொதிக்காமல் நிற்கும். காயிலிலும் மூடியிலும் அழுத்தம் கசிந்த இந்த வண்டி, வெறும் தண்ணீர் போன்ற கூலன்டோடு குன்னூர் பக்கத்து ஏற்றம் ஏதாவது ஒன்றில் இழுத்திருந்தால் ஹெட் வளைந்திருக்கும்.

புதுக் காயிலையும் பொருத்தும் முன் தண்ணீரில் அமிழ்த்தி 1 பார் அழுத்தத்தில் பார்த்தோம். புதியது என்பதால் நம்பிவிடக் கூடாது. காயிலைச் சுற்றியிருந்த பழைய ஸ்பாஞ்சு பொடிப் பொடியாக உதிர்ந்தது. அதைப் புதிதாக ஒட்டவில்லை என்றால் காற்று காயிலுக்குள் போகாமல் பக்கவாட்டில் நழுவி, ஹீட்டர் வேலை செய்தும் சூடு வராது. ஓ-ரிங், ஹீட்டர் ஹோஸ் இரண்டு, மூடி எல்லாம் புதியவை. இன்ஜினையும் ரேடியேட்டரையும் டிஸ்டில்டு வாட்டரால் நான்கு முறை அலசினோம். மூன்றாவது முறை வரை மஞ்சள் வந்தது. பிறகு பாதிக்குப் பாதி கூலன்ட்.

டேஷ்போர்டை மாட்டும் முன்பே பிரஷர் பம்பைப் போட்டு அரை மணி நேரம் பார்த்தோம். அப்புறம் டேஷ்போர்டு இல்லாமலேயே இன்ஜினை ஓடவிட்டோம். பட்டறை வாசல் சரிவில் வண்டியின் மூக்கை மேலே பார்க்க நிறுத்தி, ஹீட்டர் லீவரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்துவைத்துத் தொடங்கினோம். முதலில் காயிலுக்குள் தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம் கேட்டது. அது காற்று மாட்டியிருக்கும் சத்தம். குமிழி அடங்கியதும் மூடியைப் போட்டு, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விட்டோம். ஹீட்டர் ஹோஸ் இரண்டும் கையில் ஒரே மாதிரி சுட்டன. ஒரு சொட்டு ஈரம் இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே டேஷ்போர்டு ஏறியது.

இந்த வேலையில் பலர் விட்டுவிடுவது கம்பளத்தை. கிளைக்கால் தண்ணீர் மாதிரி காயாது, ஊட்டி வெயிலில் சுத்தமாகக் காயாது. கம்பளத்தையும் அதன் அடியில் இருந்த ஸ்பாஞ்சு மெத்தையையும் வெளியே எடுத்து, வெந்நீரில் நான்கைந்து முறை மிதித்து அலசி, மூன்று நாள் தொங்கவிட்டோம். அடித் தகரத்தில் உள்ளங்கை அளவு துரு தொடங்கியிருந்தது. சுரண்டி ப்ரைமர் அடித்தோம். முன்கண்ணாடியை வெந்நீரில் கொஞ்சம் வினிகர் கலந்து, ஒவ்வொரு முறையும் புதுத் துணி எடுத்து மூன்று தடவை துடைத்தோம். அதே துணியால் மறுபடி துடைத்தால் படலம் இடம் மாறுமே தவிரப் போகாது.

மொத்தச் செலவு 13,000 ரூபாயை ஒட்டி வந்தது, அதில் பாதிக்கு மேல் கூலி. ஏசி குழாயைச் சுத்தம் செய்ததற்கு முதல் முறை வாங்கிய தொகையைக் கழித்துக்கொண்டேன்.

அடுத்த டிசம்பரில் பிரேக் ஷூ மாற்ற வண்டி வந்தது. கேட்காமலே பானட்டைத் திறந்து பார்த்தேன். ரிசர்வ் டேங்கில் நாங்கள் மார்க்கர் பேனாவால் போட்ட கோட்டிலேயே கூலன்ட் நின்றது. ரிஃப்ராக்டோமீட்டர் மைனஸ் 36 காட்டியது. முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் விரலை இழுத்தேன், ஒட்டவில்லை. வெயிலில் நிறுத்திக் கதவைத் திறந்தால் மட்டும் லேசாக அந்த இனிப்பு வாடை இன்னும் இருக்கிறது, காற்றுக் குழாய்களில் படிந்தது முழுதாகப் போகவில்லை. அதைச் சொன்னபோது டீச்சர், "அது பரவாயில்லைங்க, இப்ப ரோடு தெரியுது" என்றார்.